பூண்டி ஏரிவரை போன வேன்

கும்மிடிப்பூண்டி
10-8-1972

கெங்காவுக்கு,

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். உன் தங்கை அஞ்சம்மாள் திருவாலங்காடு ஸ்டேஷன்வரை வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பாள். நீ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய்.

வராததற்குக் காரணம் ஒரு வேன். சிரிக்காதே. கல்கத்தா பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரர்களின் வண்டியை ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி உரசிவிட்டது. பக்கத்துக் கதவு நசுங்கிப்போய் எங்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். எங்கள் முதலாளி ஆதிநாராயணன் என் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கிருத்திக அடுத்த வருசமும் வரும்பா, வெள்ளக்காரன் வருவானா? மொதல்ல கதவப் பாரு" என்றார். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் மர வேலைக்கும் சீட் வேலைக்கும் மேஸ்திரி நான்தானே, வேறு யாரை விடுவார்.

கதவைக் கழற்றினதும் உள்ளே பார்த்தேன். பார்த்தபடியே நின்றுவிட்டேன். வெல்டர் மோசஸ் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "இன்னா மேஸ்திரி இது, ஊட்டையே சுருட்டி உள்ள வச்சிக்கினு வந்துகிறாங்க!" என்றான். நிஜமாகவே வீடுதான். பகலில் உட்காரும் பெஞ்சு, இழுத்துப் பரப்பினால் கட்டில். பெஞ்சுக்கு அடியில் துணி வைக்கும் பெட்டி. மடக்கிவிட்டால் சுவரோடு சுவராகிவிடும் மேஜை. ஒரு மூலையில் கை அலம்பும் தொட்டி, அடியில் தண்ணீர் டாங்கி, கையால் அழுத்தினால் தண்ணீர் வருகிற சின்ன பம்பு. பக்கத்திலேயே அடுப்பு. கூரையில் ஒரு பகுதியைத் தூக்கிவிட்டால் காற்று வருகிறது. ஜன்னலுக்கெல்லாம் கட்டம் போட்ட திரை.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அந்தக் கட்டிலில் வண்டியை ஓட்டிவந்த ஆளின் மனைவி படுத்திருந்தாள். வயிற்றுக் கோளாறாம். கல்கத்தாவிலிருந்து படுத்தபடியே வந்திருக்கிறாள். எழுந்திருக்கவே இல்லை. அவன் காப்பி போட்டு நீட்டினான், வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

உன்னை வைக்கோல் லாரியில் ஏற்றி உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோன நாள் ஞாபகம் வந்தது. கதவு வேலை ஓடவில்லை.

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. வழக்கமான பேச்சைத்தான் பேசுகிறாள். நான் காதில் வாங்கவில்லை.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
19-8-1972

மாமாவுக்கு கெங்கா எழுதுவது.

நலம் என்று ஆரம்பிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவள் அப்படி எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் புலம்பல். அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அஞ்சுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெள்ளைக்காரி எழுந்திருக்காமலே கல்கத்தாவிலிருந்து வந்தாள் என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டு, "யக்கா, உன்ன விடப் பெரிய சோம்பேறியா கீறாளே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் என்னை வைத்துச் சிரிக்கத் தைரியம் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குப் புரியாமல் இல்லை. நமக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்று நினைக்கிறீர்கள். நினைக்காதீர்கள் மாமா. வைக்கோல் போரிலிருந்து விழுந்து மூன்று வருடமாகிறது. அந்த லாரிப் பயணத்துக்குப் பிறகு யார் என்னை அசைக்க வந்தாலும் எனக்குப் பல் கிட்டித்துப் போகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் தலை எந்தப் பக்கம் இருந்தது? லாரியில் என் தலையைப் பின் சக்கரத்துக்கு மேலே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் யாரோ கழுத்தைப் பிடித்து உலுக்கின மாதிரி இருந்தது. கால் பின்னால் இருக்கலாம், என் காலுக்கு ஒன்றும் தெரியாது. தலை நடுவண்டியில் இருக்க வேண்டும். அப்புறம் அந்த ஜன்னல். உட்கார்ந்திருப்பவளுக்கு வைத்த ஜன்னல் படுத்திருப்பவளுக்கு எதற்கு? வெறும் ஆகாசம்தான் தெரியும். ஆகாசத்தை ஓட்டுச் சந்திலேயே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனுஷர்கள் தெரிய வேண்டுமென்றால் ஜன்னல் தலையணை மட்டத்துக்கு வர வேண்டும்.

சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

கெங்கா

*

கும்மிடிப்பூண்டி
2-10-1972

கெங்கா,

பதில் எழுத வேண்டியதில்லை என்றாய். ஒரு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. எழுதுவதற்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஷெட்டின் பின்னால் எருக்கஞ்செடிக்கு நடுவில் ஒரு பழைய பெட்போர்டு வேன் கிடந்ததே, நம் கல்யாணத்தன்றுகூட அதில்தான் பந்தல் சாமான் வந்தது, அதை ஆதிநாராயணனிடம் கேட்டேன். "கெடக்கற வண்டிதானே, வேல நேரம் போவ எதயாவது பண்ணிக்கோ. வெட்டு விழுந்த தகடு, ப்ளைவுட்டு எல்லாம் எடுத்துக்கோ" என்றார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன். மோசஸ் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்துவிடுகிறான்.

நீ சொன்னபடி கட்டிலை நீளவாக்கில் போட்டுவிட்டேன். தலை நடுவண்டியில், கால் பின்கதவுப் பக்கம். கட்டில் இரும்புச் சட்டத்தில் சக்கரம் வைத்து ஓடும். பின்கதவைத் திறந்து இழுத்தால் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும், உன்னை அப்படியே படுக்கையோடு அதன்மேல் நகர்த்தி உள்ளே தள்ளிவிடலாம். யாரும் தூக்க வேண்டாம். ஜன்னலைத் தலையணை மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். பஸ்ஸுக்கு ஜன்னல் வைத்துப் பழகின கை, எத்தனை தடவை அளந்தாலும் மேலேயே போனது. கடைசியில் நானே தரையில் படுத்துக்கொண்டு, மோசஸைக் கோடு போடச் சொன்னேன்.

இன்னும் என்ன வேண்டும் என்று சொல். படுத்துப் பார்த்துச் செய்கிறேன். ஆனால் உனக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை.

வேன் முடிந்ததும் முதலில் வேலூர் ஆஸ்பத்திரி. அப்புறம் நேராக இங்கே. ஷெட் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி நீ அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
15-10-1972

மாமாவுக்கு,

நீங்கள் தரையில் படுத்ததை நினைத்து அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் பயம் வந்தது. சந்தோஷமாக இருந்தாலே எனக்கு இப்போது பயம் வருகிறது.

வேண்டியதைச் சொல்கிறேன். மெத்தை ஒரே துண்டாக வேண்டாம், மூன்றாக இருக்கட்டும். நடுத்துண்டை எடுத்தால் அடியில் பாத்திரம் வைக்கிற மாதிரி பலகையில் வழி விடுங்கள். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருமே இதை யோசிக்க மாட்டார்கள். தண்ணீர் பம்பு என் வலது கைக்கு எட்ட வேண்டும். கேட்காமல் தண்ணீர் குடித்து எத்தனை நாளாகிறது! வண்டி திரும்பும்போது பிடித்துக்கொள்ள மேலே ஒரு தோல்வார். அடுப்புப் புகை முகத்தில் அடிக்காமல் பின்பக்கம் போகட்டும். ஒரு விசிறி முடியுமா?

இப்போது இன்னொன்று. இது நீங்கள் சொல்லி நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். போன வியாழக்கிழமை உங்கள் அம்மா இங்கே வந்திருந்தார்கள். என் நைனாவும் அவர்களும் கூடத்தில் பேசினார்கள். என் கட்டில் கூடத்துக்கு அடுத்த அறையில்தான் இருக்கிறது, நடுவில் கதவுகூடக் கிடையாது. எனக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ.

உங்கள் அம்மா சொன்னார்கள்: "எம்மவன் சந்நியாசியா போவணும்னு எதுனா வேண்டுதலா?" நைனா சொன்னார்: "வேற எடத்துல எதுக்கு? அஞ்சுவையே குடுத்துட்டா மூத்தவளையும் அவளே பாத்துக்குவா. ரெண்டுக்கும் ஆச்சி." உங்கள் அம்மா சரி என்றார்கள்.

அந்த நேரத்தில் அஞ்சு எனக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அப்புறம் திரும்பவும் துடைத்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் எனக்கு முடியாது. என்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவளுக்கும் முடியாது. அந்தப் பேச்சு முடியும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

கெங்கா

*

கும்மிடிப்பூண்டி
20-10-1972

கெங்கா,

நான் சொல்லவில்லை. சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "நான் கண்ண மூடிட்டா உனக்கு யார்ரா சோறு போடுவா" என்று அழுகிறாள். அழுகிறவளிடம் என்ன பேச?

அஞ்சம்மாளை நான் குழந்தையாகத் தூக்கி வைத்துக்கொண்டு திருத்தணி மலை ஏறியிருக்கிறேன்.

பொங்கல் கழித்து வேனோடு வருகிறேன். விசிறி வைத்தாகிவிட்டது.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
27-1-1973

மாமாவுக்கு,

நீங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதிலிருந்து தெருவே என் அறைக்கு வந்துபோகிறது. "இன்னாமே கெங்கா, ரயிலு பொட்டி கணக்கா கீதாமே?" என்று கேட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். மூன்று வருடமாக வாசலோடு விசாரித்துவிட்டுப் போனவர்கள்.

பூண்டி ஏரிவரை போய்த் திரும்பினோம், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் எவ்வளவு தூரம் போவார்களோ தெரியாது, எனக்கு அதுவே கடல் தாண்டின மாதிரி. திருவள்ளூர் கடைத்தெருவில் நீங்கள் மெதுவாக ஓட்டினீர்களே, ஜன்னலுக்குச் சரியாக ஒரு வளையல் வண்டி வந்து நின்றது. வளையல்காரன் உள்ளே பார்த்தான். படுத்திருப்பவளைப் பார்த்தால் எல்லோருக்கும் முகம் மாறும். அவனுக்கு மாறவில்லை. நான் வண்டியில் தூங்கிக்கொண்டு போகிற பணக்காரி என்று நினைத்துவிட்டான். "பச்ச கலர் எடுத்துக்கோம்மா" என்றான். நான் கையை வெளியே நீட்டினேன்.

ஏரிக்கரையில் பின்கதவைத் திறந்துவிட்டு நீங்கள் டீ போட்டீர்கள். தண்ணீர் என் கால்மாட்டிலிருந்து அக்கரைவரை போயிற்று. நான் பம்பை அழுத்தி நானே தண்ணீர் குடித்தேன். வயிறு நிறைந்த பிறகும் குடித்தேன். வெயில் ஏறினதும் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டீர்கள். விழுந்த நாளிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த அறை அது ஒன்றுதான். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். நான் தூங்கவில்லை. தூங்கினால் வீணாகிவிடும் என்று விழித்துக்கொண்டே இருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பின் ஸ்பிரிங் பட்டை கடினமாக இருக்கிறது, வேலூர்வரை தாங்காது, மாற்றிக்கொண்டு பத்து நாளில் வருகிறேன் என்றீர்கள். சரி என்றேன். துணிகளை அஞ்சு மூட்டை கட்டி வைத்துவிட்டாள். மெத்தைக்கு இரண்டு உறை தைக்கிறாள். நைனாகூட வேனைச் சுற்றிவந்து தட்டிப்பார்த்தார். அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

சீக்கிரம் வாருங்கள்.

கெங்கா

*

கும்மிடிப்பூண்டி
14-2-1973

கெங்கா,

பட்டை வேலை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஷெட்டில் வேலை நெருக்கடி. கொஞ்சம் பொறுத்துக்கொள். மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
4-3-1973

மாமாவுக்கு,

பொறுத்துக்கொள்வதைத் தவிர நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அஞ்சு வாசலுக்கு ஓடுகிறாள். திரும்பி வரும்போது நேராகச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். அவள் கொலுசுச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் இவ்வளவு சின்னதாக எழுதுகிறவர் இல்லை. என்ன நடந்தது? எனக்குச் சொன்னால் நான் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்து மறைக்கிறீர்கள். ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனாலும் சொல்லுங்கள்.

கெங்கா

*

கும்மிடிப்பூண்டி
11-3-1973

கெங்கா,

வேன் இல்லை.

பூண்டியிலிருந்து திரும்பின வாரமே ஒரு படக் கம்பெனி ஆள் பஸ் பாடி விஷயமாக ஷெட்டுக்கு வந்தான். பின்னால் நின்ற வேனைத் திறந்து பார்த்துவிட்டான். வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போகும்போது கதாநாயகி படுத்து ஓய்வெடுக்க, மேக்கப் போட, இதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். ஆதிநாராயணன் அங்கேயே பேசி முடித்துவிட்டார். நான் அந்த நேரம் ப்ளைவுட் எடுக்க மெட்ராஸ் போயிருந்தேன்.

திரும்பி வந்து அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். "வண்டி யாரோடது? என்னோடது. தகடு யாரோடது? அதுவும் என்னோடது. கையிதான் உன்னோடது. கையி உன்கிட்டயேதானே கீது? வேற வண்டி வந்தா சொல்றேன், இன்னொண்ணு பண்ணிக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோளில் தட்டிச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மோசஸ் வெல்டிங் கண்ணாடியைத் தரையில் எறிந்துவிட்டு, "வா மேஸ்திரி, ரெண்டு பேரும் பூடலாம்" என்றான். எங்கே போவது? வேறு இடத்தில் வேலை வாங்கி, அங்கே ஒரு வண்டி கிடந்து, அதை அவன் கொடுத்து, எல்லாம் நடப்பதற்குள் உன் மருந்துக்கு யார் பணம் அனுப்புவார்கள்? அவனைச் சமாதானம் செய்து உட்கார வைத்தேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். படக் கம்பெனிக்கு வேண்டிய மாற்றங்களை நான்தான் செய்தேன். என்னைத்தான் செய்யச் சொன்னார். சுவரில் பெரிய கண்ணாடி, சுற்றிலும் பல்பு. பலகையில் விட்ட வழியை அடைத்தேன். ஜன்னல் தாழ்வாக இருக்கிறது, ஜனங்கள் எட்டிப்பார்ப்பார்கள் என்றார்கள். அதற்கும் தகடு அடித்து மூடினேன். அடித்த ஆணி ஒன்றுகூட வளையவில்லை. அது எனக்கே அதிசயமாக இருந்தது. வண்டி கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பொய் எழுதினேன்.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
1-4-1973

மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். மெத்தை உறைகளை அஞ்சு பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். உங்கள்மேல் கோபம் இல்லை. ஆணி அடித்ததற்கும் இல்லை. அந்த நடிகை யாரென்று தெரியாது, அவள் தலை நடுவண்டியில் இருப்பதால் கழுத்து வலிக்காது. அதுவரைக்கும் நல்லது.

வேன் போய்விட்டது என்று தெரிந்ததும் நைனா திரும்பவும் அந்தப் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை நேராக என் கட்டிலண்டை வந்தார். "நீ ஒரு வார்த்த சொல்லும்மா, மாப்பிள்ள உன் பேச்சத் தட்ட மாட்டாரு. அஞ்சுவும் நீயும் ஒரே ஊட்ல இருக்கலாம்."

ஒரு நாள் முழுக்க யோசித்தேன் மாமா. உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்தது. உங்கள் வீட்டுக்கு நான் வருவதற்கு இனி அது ஒன்றுதான் வழி என்று தெரிந்தது. அஞ்சுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கு முதுகு தொடைக்கறதுக்கு நான் மாமாவக் கட்டிக்கணுமாக்கா? கட்டிக்காமயே தொடைச்சிக்கினுதானே கீறேன்?" சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நைனாவைக் கூப்பிட்டு முடியாது என்றேன். என் புருஷனுக்கும் இஷ்டமில்லை, அவளுக்கும் இஷ்டமில்லை, எனக்கும் இல்லை என்றேன். நைனா அவளை அடித்தார். என்னை அடிக்க முடியவில்லை. என் கட்டிலண்டை நின்று, "சரி, இவள வெளிய குடுத்துடறேன். அப்பால உன்ன யாரு பொரட்டிப் போடுவா? ஒங்கம்மாவால ஆவுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது.

கடம்பத்தூரில் ஒரு இடம் பார்க்கிறார்கள். பையன் ரயில்வேயில் இருக்கிறானாம்.

கெங்கா

*

கும்மிடிப்பூண்டி
20-5-1973

கெங்கா,

கல்யாணப் பத்திரிகை வந்தது. கூடவே உன் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினதும் வந்தது. அஞ்சம்மாளை முதலில் எனக்குப் பேசினதை வைத்து உறவு ஜனம் கண்டபடி பேசும், மாப்பிள்ளை இந்தக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று. வரவில்லை. அஞ்சம்மாளுக்கு ஒரு புடவை மோசஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ செய்தது சரி. ஆனால் அதற்கு அப்புறம் என்ன என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் வண்டி கேட்டேன், ஊருக்குள்தான் வரும் என்கிறார்கள். ரயிலில் கொண்டுவரலாம் என்றால், பெட்டிக் கதவில் கட்டில் திரும்பாது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிறார். கொண்டுவந்தாலும் அம்மாவால் உன்னைத் தூக்க முடியாது. வேலையை விட்டு அங்கே வந்துவிடலாமா என்று பார்த்தால், அங்கே எனக்கு என்ன வேலை? உன் அப்பா என்னை வாசல் ஏறவிடுவாரா? ஆதிநாராயணன் மழைக்காலம் கழித்து வேறு வண்டி தருகிறேன் என்கிறார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டு வருகிறேன்.

பச்சையப்பன்

*

திருவாலங்காடு
8-6-1973

மாமாவுக்கு,

அஞ்சுவின் கல்யாணம் நேற்று முடிந்தது. கோயில் மண்டபத்தில்தான். வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள், எதிர் வீட்டு ரோசம்மாள் மட்டும் எனக்குத் துணையாக இருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டது. தாலி கட்டும்போது மேளம் வேகமாக அடிப்பார்களே, அதுவும் கேட்டது. அப்போது ரோசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் மாட்டுவண்டி பூட்டிக் கடம்பத்தூருக்குப் புறப்பட்டார்கள். எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள், நல்ல நேரம் போகிறது என்று நைனா கத்துகிறார். அஞ்சு வண்டியில் ஏறாமல் உள்ளே வந்தாள். கல்யாணப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெந்நீர் கொண்டுவந்து, என்னைப் புரட்டி முதுகு துடைத்தாள். இடுப்பில் புண் திரும்பவும் திறந்திருக்கிறது. அதற்கு மருந்து வைத்தாள். துணி மாற்றினாள். புது மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. அவர் நல்லவராகத்தான் தெரிகிறார். மஞ்சள் கயிறு என் முதுகில் உரசிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடித்துக் கையை அலம்பிக்கொண்டு, "போய்ட்டு வரேங்க்கா" என்றாள். போ என்றேன்.

இன்று காலையில் அம்மா என்னைப் புரட்டப் பார்த்தார்கள். பாதியில் முடியாமல் அப்படியே என்மேல் சாய்ந்து அழுதார்கள். அப்படியே கிடந்தோம். ரோசம்மாள் வந்த பிறகுதான் பிரித்தெடுத்தார்கள்.

வண்டி கேட்கவில்லை மாமா. வேலூரும் கேட்கவில்லை. நைனா வாசலில் தடுத்தால் தடுக்கட்டும், அப்போது நான் உள்ளே இருந்து கத்துகிறேன், அது எனக்கு இன்னும் முடியும். ஏற்பாடு செய்துகொண்டு வருகிறேன் என்று இனிமேல் எழுத வேண்டாம். எழுதவே வேண்டாம். வாருங்கள்.

கெங்கா